ஏழாவது பாடலுக்குக் குறிப்பு எழுதியவர்

1

இந்தக் கதையின் முதல் பத்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கும் பதினொன்று இருபதுக்கும் நடுவில் எழுதப்பட்டது. அந்த இருபது நிமிடத்தில் நான் வேறொன்றை எழுதியிருக்க வேண்டும். எதை என்று ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கு என்மேல் மதிப்புப் போய்விடும். ஒரு நாலு பகுதியாவது மதிப்போடு இருந்துவிட்டுப் போகிறேனே.

அந்த முதல் பத்தி இது:

“எத்தியோப்பியாவின் வட மலைகளில் பனி இறங்கும் வேளையில், ஒரு பெண் தன் க்ராரை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு—”

நிறுத்திவிட்டேன். நான் பார்த்த ஒரே மலை பொன்முடி. அதுவும் ஆபீஸ் சுற்றுலாவில், இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளிலும் பிளாஸ்டிக் பையோடு.

[க்ரார் என்பது ஐந்தாறு தந்திகள் கட்டிய வாத்தியம். நம் யாழைக் கொஞ்சம் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. யாழையும் நான் நேரில் பார்த்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.]

இரண்டாவது தொடக்கம்: “கழக்கூட்டம் நெடுஞ்சாலையில் காலை எட்டரை மணிக்கு—” இதையும் விட்டேன். அந்தச் சாலையில் எட்டரைக்கு ஒரு வாக்கியம் நுழைந்தால் ஒன்பதே முக்காலுக்குத்தான் வெளியே வரும்.

மூன்றாவது: “ஜெபமலருக்கு ஆபீசில் ராஜையன் என்று பேர்.”

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

ஜெபமலருக்கு ஆபீசில் ராஜையன் என்று பேர். பள்ளிச் சான்றிதழில் அவள் ரா. ஜெபமலர். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது, குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. ரா-வை விரித்து ராஜையன் என்று அதில் எழுதினார்கள். வேலையில் சேர்ந்தபோது கம்பெனி பாஸ்போர்ட்டைப் பார்த்தது. அடையாள அட்டையில் ராஜையன் என்பது பெரிய எழுத்தில், ஜெபமலர் என்பது எறும்பு அளவில். அதன்பிறகு மின்னஞ்சலில் ராஜையன், கேன்டீன் டோக்கனில் ராஜையன், தீயணைப்புப் பயிற்சியில் மைக் வைத்துக் கூப்பிட்டதும் ராஜையன். நிஜமான ராஜையன் அவளுடைய அப்பா. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் திருவனந்தபுரம் வந்து, டைல் ஒட்டும் வேலை செய்கிறவர்.

எங்கள் கட்டடத்தில் எட்டு மாடி. மற்ற மாடிகளில் வங்கிகளுக்கும் விமானங்களுக்கும் மென்பொருள் எழுதுகிறார்கள். ஏழாவது மாடியில் ஒரு மூலையில் நாங்கள் பாட்டுக்குக் குறிப்பு எழுதுகிறோம். ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, ஆப்பிரிக்காவின் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் பழைய கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் தேடி எடுத்து, தொகுப்புகளாக வெளியிடுகிறது. தான்சானியாவின் கடற்கரைக்கு ஒரு தொகுப்பு, மாலியின் வடக்குக்கு ஒன்று, கானாவின் மீனவர் ஊர்களுக்கு ஒன்று. அந்த இசையை முதன்முதலாகக் கேட்கப்போகிறவருக்காக, ஒவ்வொரு பாட்டுக்கும் நூற்றிருபது சொல்லில் ஓர் அறிமுகம் வேண்டும். தட்டின் உறையில் அது அச்சாகும். எழுதியவர் பெயரும் அடியில் வரும். அதை எழுதுவது நாங்கள்.

தொகுப்பு என்பது என்ன என்று எனக்கு நானே ஒருமுறை விளக்கிக்கொண்டேன். கல்யாண வீட்டு வாசலில் ஒருவர் நின்று, “வாங்க வாங்க, இவர் மாப்பிள்ளையோட சித்தப்பா” என்று சொல்லி உள்ளே அனுப்புவார் இல்லையா, அந்த ஆள்தான் தொகுப்பு. முப்பது வருடம் பாடிய ஒருத்தியின் ஒரு பாட்டு, மூன்று நிமிடம் நாற்பது நொடி. அதோடு அவள் பெயர். வெளியூர்க்காரன் கையில் கிடைப்பது அவ்வளவுதான். வாசலில் நிற்கிறவர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால், சித்தப்பா பந்தி முடியும்வரை வேறு யாராகவோ உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இனி ஜெபமலரின் நிலைமை. ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அதற்குள் மூன்று “பெரிய பிழை” பதிவானால் வேலை உறுதியாகாது. அவளுக்கு இரண்டு ஆகியிருந்தது. ஒன்று, துடுப்புப் போடும் பாட்டைக் கல்யாணப் பாட்டு என்று எழுதியது. (“அவ்வளவு சந்தோஷமா பாடுனாவ சார், துடுப்புன்னு யாரு நெனச்சா.”) இரண்டு, நைஜர் என்பதை நைஜீரியா என்று அடித்தது. ஆறாவது மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மதிப்பீடு. கதை அந்த வாரத்தில் நடக்கிறது.

அவள் எழுதுவதைச் சரிபார்க்கிறவர் ஒருவர் உண்டு. பெயர் அபிலாஷ்.

3

எத்தியோப்பியத் தொகுப்பின் ஏழாவது பாட்டு. ஒரு பழைய கேசட்டிலிருந்து எடுத்தது. முதலில் க்ரார் தனியாகப் பேசிக்கொள்கிறது. பிறகு கைதட்டல், ஒருவர் தட்டுவதை இன்னொருவர் துரத்துவதுபோல. அதன்பின் ஒரு பெண் குரல். பட்டியலில் இரண்டே சொல்: திருனேஷ் லெம்மா. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவுமில்லை.

ஜெபமலர் எழுதியதைக் கொண்டுவந்தாள்.

“சார், இதுல எது பாடுறவங்க பேரு? திருனேஷா, லெம்மாவா? நான் திருனேஷ்னு போட்டிருக்கேன். ஆனா உறுதியில்ல.”

அபிலாஷ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான்.

“இதுல என்ன சந்தேகம்? தினேஷ், கணேஷ், ராஜேஷ். திருனேஷ். ஆம்பளப் பேரு. லெம்மாவப் பாரு, அம்மான்னு முடியுது. பொம்பளை. அப்பா பேரு முன்னால, சொந்தப் பேரு பின்னால. திருனேஷோட மக லெம்மா.”

“இல்ல சார், சில ஊர்ல மாறி வரும்னு—”

“அது வெள்ளைக்காரனுக்கு. ஆப்பிரிக்கா நம்மளப் போல.”

சொன்னதோடு நிற்காமல், அவள் எழுதிய குறிப்பில் சொந்தமாக ஒரு வாக்கியமும் சேர்த்தான்: “லெம்மா தன் தந்தை திருனேஷிடம் இசை பயின்றிருக்கக்கூடும்.” ஐரோப்பாவில் தொகுப்பைத் தயாரிக்கும் அம்மணிக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துவிட்டது. தந்தையும் மகளும், மலையும் யாழும். அந்தப் பாட்டையே தொகுப்பின் முகப்பாக வைக்க முடிவுசெய்து, அட்டையில் ‘லெம்மா’ என்று உள்ளங்கை அகல எழுத்தில் போட்டு மாதிரி அனுப்பினாள். புதன்கிழமை அச்சுக்கு.

[அறிமுகம் என்ற சொல்லில் முகம்தான் இருக்கிறது, பெயர் இல்லை. பிற்பாடு தப்பித்துக்கொள்ள இந்தச் சொல்லாராய்ச்சி உதவுமா என்று பார்த்தேன். உதவவில்லை.]

4

இதுவரை எழுதியதை என் மனைவி நாச்சியாரிடம் கொடுத்தேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே படித்தாள். தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். ஒரு தாளை அவள் பார்த்தால், முதலில் பார்ப்பது பெயரை.

“அபிலாஷுக்கு இனிஷியல் என்ன?” என்றாள்.

“கே. எஸ்.”

“எங்க போடுவான்?”

“பேருக்குப் பின்னால. அபிலாஷ் கே. எஸ்.”

“பின்ன? மலையாளத்துக்காரன் இனிஷியலப் பேருக்குப் பின்னால தொங்கவிடுதவன். அவன் எப்படி ‘அப்பா பேரு முன்னால’ன்னு அடிச்சுச் சொல்லுவான்? முன்னால கட்டுதவன் யாரு?”

நான் கீரைக்காம்பு ஒன்றை எடுத்து ஆராய்ந்தேன்.

“அந்தப் பையன் கண்ணாடியே போடமாட்டானே. சட்டை நுனியில கண்ணாடி தொடைக்கது யாரு பழக்கம்? முப்பது வருசமா நான் துவைக்கேன், எனக்குத் தெரியாதா?”

“கதைன்னா கொஞ்சம் மாத்தி—”

“மாத்துங்கோ. ஊரை மாத்துங்கோ, தெருவை மாத்துங்கோ. பழியைத் தூக்கி அடுத்தவன் தலையில வச்சா அதுக்குப் பேரு கதை இல்ல. ஒருநாள் நம்ம வீட்டுல வந்து அடை சாப்பிட்டுட்டுப் போன பிள்ளை அது.”

5

ஆகவே, மூன்றாவது பகுதியில் அபிலாஷ் என்று வரும் இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். அபிலாஷ் எங்கள் குழுவின் தலைவன், நல்ல பையன். சரிபார்க்கிறவன் நான். பெயர் தி. நெல்லையப்பன். வயது ஐம்பத்து நாலு. இரண்டு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறேன், வாசகர்கள் எல்லாரையும் எனக்கு முகம் தெரியும். ‘தி’ என்பது என் அப்பா திரவியம். பிறந்ததிலிருந்து அவர் என் பெயருக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறார். ஒரு பெயரின் முகப்பில் ‘தி’யைப் பார்த்தால், அங்கே ஓர் அப்பா உட்கார்ந்திருப்பதாகவே என் கண்ணுக்குத் தெரியும். எத்தியோப்பியாவில் ஒரு பெண்ணின் பெயரிலும் அவரைத்தான் பார்த்தேன்.

அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்தான் அதைத் திருத்திப் பிழையாக்கினேன்.

திங்கட்கிழமை மதியம் ஜெபமலர் ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் மாட்டினாள்.

“சார், இந்தப் பதினாலாவது செகண்டு கேளுங்க.”

க்ரார். கைதட்டல். பின்னணியில் எங்கோ ஓர் ஆண் குரல், ஏதோ நாலு எழுத்து. அதற்குப் பெண் குரல் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பாடத் தொடங்குகிறது.

“என்ன சொல்லுதான்?”

“இன்னொரு வாட்டி கேளுங்க சார். நான் இத நாப்பது தடவை கேட்டாச்சு.”

கேட்டேன். அந்த ஆள் கூப்பிடுகிறான். “திருனேஷ்.” அவள் சிரிக்கிறாள். சட்டென்று கூப்பிட்ட உரிமையான கூப்பிடல். பக்கத்து அறையிலிருந்து காபிக்குக் கூப்பிடுவதுபோல.

“அவளோட அப்பாவ யாரோ கூப்பிடுதாங்களா இருக்கும்,” என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது.

ஜெபமலர் தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“சார், இங்க என்னை ராஜையன்னு கூப்பிடுதாங்க. சரி, ஆபீஸு. வீட்டுல யாராவது என்னை ராஜையான்னு கூப்பிட்டா நான் சிரிப்பேனா? அப்பால்லா ‘என்ன’ன்னு திரும்புவாரு. இது அவிய பேருதான். தேடியும் பாத்துட்டேன். அங்க சொந்தப் பேரு முன்னால, அப்பா பேரு பின்னால. குடும்பப் பேருன்னே ஒண்ணு இல்ல. திருனேஷ்னா பொண்ணுங்க பேராக்கும். ‘நீ நல்லவ’ன்னு அர்த்தம். லெம்மா அவிய அப்பா.”

பிறகு மெல்லச் சொன்னாள்: “புதன்கிழமை அட்டை பிரிண்டுக்குப் போகுதுல்லா சார்.”

அவள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். இதைத் திருத்தச் சொன்னால் மூன்றாவது பெரிய பிழை பதிவாகும். சொல்லாவிட்டால், அந்தப் பெண் உலகம் முழுக்கத் தன் அப்பாவாகச் சுற்றப்போகிறாள்.

“நாளைக்கு நான் மெயில் போடுதேன்,” என்றேன். “தப்பு என்னோடதுன்னு.”

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் மெயில் போடவில்லை. அவள் போட்டாள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். ‘டியர்’ என்பதற்குச் சரியான தமிழ் கிடைக்காததால் அதை விட்டிருக்கிறேன்.

“ஏழாவது பாடலில் பாடகியின் பெயரைத் தவறாகக் கொடுத்துவிட்டேன். அவர் பெயர் திருனேஷ். லெம்மா அவருடைய அப்பா. நீங்கள் என்னை ராஜையன் என்று அழைக்கிறீர்கள். ராஜையன் என் அப்பா. என் பெயர் ஜெபமலர். அங்கேயும் இதே மாதிரிதான். பதினாலாவது நொடியில் அவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கேட்டுப் பாருங்கள். தயவுசெய்து அட்டையை மாற்றுங்கள். தவறு என்னுடையது. ஜெபமலர்.”

அதற்குக் கீழே, கம்பெனி தானாக ஒட்டும் முகவரியில்: ராஜையன்.

அந்த மெயில் என் திரையிலும் வந்தது. ‘தவறு என்னுடையது’ என்பதைப் படித்தேன். உடனே ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். நான் கண்ணாடியைத் துடைத்தேன். தண்ணீர் குடித்தேன். இது எவ்வளவு நல்ல கதை என்று தோன்றியது. ஒரு புதிய கோப்பைத் திறந்து, “எத்தியோப்பியாவின் வட மலைகளில் பனி இறங்கும் வேளையில்” என்று அடித்தேன்.

என் மெயில் பதினொன்று இருபதுக்குப் போனது. “திருத்தியது நான், ஜெபமலர் முதலில் சரியாகவே எழுதியிருந்தாள்” என்று எல்லாம் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் பதினொன்று பத்துக்கே தரக்கட்டுப்பாட்டு மென்பொருள் அவளுடைய மெயிலைப் படித்து, பிழையைப் பதிவுசெய்து முடித்திருந்தது. அது என்னைவிடச் சுறுசுறுப்பு.

6

புதன்கிழமை அம்மணியிடமிருந்து பதில் வந்தது. முதல் சொல்லே ‘டியர் ஜெபமலர்’. அட்டை மாறிவிட்டது, உள்ளங்கை அகலத்தில் இப்போது திருனேஷ். தந்தையிடம் இசை பயின்ற என் வாக்கியம் போய்விட்டது. கடைசியில், “உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்” என்று ஒரு வரி.

இதில் மாற்று முடிவு எதுவும் கிடையாது. கதையின் மற்ற எல்லாவற்றையும் நான் சந்தேகத்தில் விடலாம், இதை விடமாட்டேன். அட்டையில் அவள் பெயர் சரியாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அபிலாஷ் எங்கள் இருவரையும் கூப்பிட்டான். [நிஜ அபிலாஷ். கண்ணாடி இல்லாதவன்.]

“சாரே, சாரோட மெயில நான் மேல அனுப்பியாச்சு. அவங்க பறையறது, பிழை ஆளோட பேர்ல அல்ல, ஃபாரத்துல ஃபீல்டுன்னு உள்ள கட்டத்துப் பேர்லயாணு போகும். ‘குறிப்பு எழுதியவர்’னு ஃபீல்டு ஒண்ணே உள்ளு. சரிபார்த்தவருக்கு ஃபீல்டு இல்ல.”

“அப்ப அதுல என் பேரைப் போடு,” என்றேன்.

“போடலாம் சாரே, அஞ்சு மணி வரைக்கும். போட்டா பிழை சாருக்கு வரும், சாருக்கு ஒண்ணும் ஆகாது. ஜெபமலருக்கு ரெண்டுல நிக்கும். கன்ஃபர்ம். பக்ஷே...”

“ஆனா என்ன?”

“உறையோட பின்பக்கம் இன்னும் அச்சுக்குப் போகல. அதுல வர்றதும் அதே ஃபீல்டாணு.”

நான் உடனே சொல்ல வாயெடுத்தேன். ஜெபமலர் முந்திக்கொண்டாள்.

“சார், பிழைய நீங்க எடுத்துக்கிட்டா பாட்டையும் நீங்க எடுத்துக்கிடுவியளா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கடையில் ஒரு பொருளைக் காட்டி, இதுக்கு அதுவும் சேர்த்தா என்று விசாரிக்கிற குரல். நாற்பது தடவை கேட்டது அவள். பதினாலாவது நொடியைக் கண்டுபிடித்தது அவள். நூற்றிருபது சொல்லில் என்னுடையதாக இருந்தவை ஆறு, அவையும் பொய்.

“வேலை போனா?” என்றேன்.

“அதுவும் இருக்கு,” என்றாள்.

7

மாலை நாலு மணிக்கு, பின்வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடை. ராஜையன் அங்கே நின்றிருந்தார். பக்கத்தில் புதிதாக எழும்பும் ஃப்ளாட்டில் அவருக்கு வேலை. முழங்கால்வரை சிமெண்டு, கையில் பழம்பொரி.

“மக்ளே, பாட்டுப் பெட்டியில இருந்து எனக்கு வணக்கம் சொன்ன அம்மைக்கு நீ திருப்பி வணக்கம் சொன்னியா?”

“சொன்னேன்பா.”

“என்னன்னு சொன்ன?”

“ராஜையன் கேட்டதாச் சொன்னார்னு.”

“கொள்ளாம்.” திருப்தியோடு என் பக்கம் திரும்பினார். “சார், வெளிநாட்டுல நம்ம பேரு போயாச்சு பாருங்க. நான் மஸ்கட்டுக்கே போனது கிடையாது.”

ஜெபமலர் நிலைமையை அவரிடம் சொன்னாள்: ஒரு கட்டம், ஒரு பெயர், அஞ்சு மணி. அவர் பழம்பொரியை மென்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் கேட்டார்: “அந்தக் கட்டத்துல ஆபீஸு ஆளு பேருதான் போடணுமா?”

அபிலாஷும் எங்களோடு டீக்கு வந்திருந்தான். யோசித்துவிட்டுச் சொன்னான்: “எதுவும் போடலாம். ஊழியர் பட்டியல்ல உள்ள சொந்தப் பேரு ஒத்து வந்தாத்தான் பிழை அவருக்குப் போகும். குடும்பப் பேரு மட்டும்னா ஆருக்கும் போகில்லா.”

“பின்ன ராஜையன்னு மட்டும் போடுங்க,” என்றார் ராஜையன். “பிழை என் பேருல இருக்கட்டும். எனக்கு என்ன சார்? ரெண்டு வீட்டுல நான் ஒட்டுன டைலு பொங்கி வந்துருக்கு. இது மூணாவது.”

அபிலாஷ் சிரித்தான். நானும் சிரித்தேன். எவ்வளவு அழகான தீர்வு. வேலை நிற்கும், யார்மேலும் பழி இல்லை, ஒரு தகப்பன் தன் பெயரைத் தூக்கி மகளுக்குக் குடையாகப் பிடிக்கிறார். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மனசுக்குள் கடைசிப் பத்தியே எழுதிவிட்டேன்: “ராஜையனின் பெயர் கடல் கடந்து—”

ஜெபமலர் மட்டும் சிரிக்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா,” என்றாள். “அப்பம் நான் லெம்மா ஆயிருவேன்லா.”

ராஜையனுக்கு அது புரியவில்லை. லெம்மா யார் என்று விளக்கினாள். அட்டையில் மகளுடைய பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வரப் பார்த்த அப்பா என்றாள். அவர் பழம்பொரி சுற்றிவந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“அந்த லெம்மா ஆளு எப்படி?” என்று கேட்டார்.

“தெரியாதுப்பா.”

“மக பாட்டுல தம் பேரு வந்தா வேண்டாம்னு சொல்லுத ஆளு எவன் மக்ளே இருக்கான்?” என்றார். பிறகு, “ஆனா கூப்பிட்டது அவளையில்லா,” என்றார். “செரி. ஒனக்கு எது தோணுதோ அத எழுது. அஞ்சு ஆகப்போவுது பாரு.”

நாலு நாற்பதுக்கு நாங்கள் மூவரும் லிஃப்டில் ஏறினோம்.

8

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

(அ) கட்டத்தில் தி. நெல்லையப்பன். ஜெபமலரின் வேலை உறுதியாகிறது. எட்டாவது தொகுப்பு, ஒன்பதாவது தொகுப்பு என்று அவள் எழுதிக்கொண்டே போகிறாள். ஆனால் அவள் உயிரைக் கொடுத்துக் கேட்ட பாட்டின் அடியில், அதைக் காதுகொடுத்துக் கேட்காதவன் பெயர். என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் போகாத ஊர்களுக்கெல்லாம் நான் எழுதாத குறிப்பு போகிறது. [இந்த முடிவை எழுதும்போது எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நாச்சியார் எப்படியும் கண்டுபிடிப்பாள்.]

(ஆ) கட்டத்தில் ஜெபமலர். மூன்றாவது பிழை. அவள் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறாள். வாசலில் காவலாளி, “ராஜையன் சேச்சி, போகுவாணோ?” என்று கேட்கிறார். வேறு வேலை தேட வேண்டும். ஆனால் உலகத்தில் எங்கோ யாரோ உறையைத் திருப்பிப் பார்க்கும்போது, மேலே திருனேஷ், கீழே ஜெபமலர். இரண்டு அப்பாக்களும் அவரவர் வீட்டில்.

(இ) கட்டத்தில் ராஜையன். வேலையும் நிற்கிறது, எல்லாரும் நல்லவர்களாகவும் இருக்கிறார்கள். இந்த முடிவில் ஒரு குறையும் இல்லை, டீக்கடையில் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர.

நான்காவதாக ஒன்று யோசித்தேன்: மின்சாரம் போய்விடுகிறது. அபிலாஷ் சொன்னான், “சாரே, நம்ம பில்டிங்ல ரெண்டு ஜெனரேட்டர் உண்டு.”

9

நாலு ஐம்பத்தெட்டுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் எழுதப்பட்டது. எழுதியது நானில்லை. விசைப்பலகையை ஜெபமலர் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியை ஜன்னலை நோக்கித் திருப்பிக்கொண்டேன். அந்த வாரத்தில் நான் தாமதமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான். விசைகள் தட்டும் சத்தத்தை வைத்து எத்தனை எழுத்து என்று எண்ண முயன்றேன். பாதியில் அவள் அழித்து மறுபடி அடித்ததால் கணக்குத் தப்பிவிட்டது.

பிறகு எனக்குத் தெரிந்ததா என்றால், தெரிந்தது. உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. இந்தக் கதையைப் படித்துப் பார்த்த ஜெபமலர் கேட்டுக்கொண்டது அது. “எல்லாத்தையும் எழுதுங்க சார். துடுப்புப் பாட்டைக்கூட எழுதுங்க. அந்தக் கட்டத்த மட்டும் விட்டுருங்க. படிக்கிறவங்க என்ன போடுதாங்கன்னு பாப்போம்.” போனில் அவள் பின்னால் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகத்தான் பேசினாள். எங்கிருந்து பேசினாள் என்று சொன்னால் விடை தெரிந்துவிடும், ஆகவே அதையும் விடுகிறேன்.

தட்டு வந்துவிட்டது. ஸ்ரீவராகத்து வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றுமில்லாததால், நாச்சியார் அதைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், “என்ன, திருனேஷோட அப்பா வந்தாச்சா?” என்கிறாள். அவளும் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அடுக்களைக்குப் போய், அன்றைக்குப் பாயசம் வைத்தாள். இதைத் துப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றில் எதுவாக இருந்தாலும் அவள் பாயசம் வைத்திருப்பாள்.

உறையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன்:

பாடல் 7. பாடியவர்: திருனேஷ் (தந்தை பெயர் லெம்மா).
பதினாலாவது நொடியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்: தெரியவில்லை.
குறிப்பு எழுதியவர்: ______________

பேனா எடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.